அறுத்ததாக எழுதியது

நகம் மாட்டியது.

பம்பின் வாய்க்குள், புதுப் பெயிண்டுக்கு அடியில், சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அவளே கீறியது.

வெளியே புது எண் தகடு. கூடவே எங்கோ ஒரு பட்டறை கொடுத்த சான்றிதழ். பறக்கத் தகுதியானது.

தகுதியாம்.

ஏழு மாதத்துக்கு முன் இதே மேசையில், ஊதா விளக்கின் கீழ், இதைச் சோதித்து விரிசலைக் கண்டுபிடித்தவள் அவள். விமான இன்ஜினுக்கு எரிபொருள் தள்ளும் பம்ப். குறி கீறிக் கழித்துவிட்டாள். கழித்ததை இரண்டாக அறுத்துப் போட வேண்டும், இனி எந்த விமானத்திலும் ஏறாதபடி.

அன்று ரம்பத்தில் பிளேடு இல்லை. "காலைல அறுத்துக்கலாம், கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் போங்க" என்றார் மேலாளர் ஜெபராஜ். 'என் முன்னிலையில் அறுக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே போட்டாள். கம்பெனி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

அந்தக் கையைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

ஜெபராஜ் வந்து நின்றார்.

"ரெண்டு மணிக்கு வண்டி வருது மேடம். மத்த கம்பெனிக்காரன் சோதிச்சுக் குடுக்கப் பத்து நாள் கேட்டான், நாம நாலு நாள்னு சொல்லிப் புடிச்ச ஆர்டர். பேப்பரெல்லாம் கிளீனா இருக்கு. உங்க சீல் மட்டும்தான் பாக்கி."

அவள் பம்பைத் தூக்கிக்கொண்டு ரம்பத்தை நோக்கி நடந்தாள்.

இன்று பிளேடு இருந்தது.

"மேடம், அது கஸ்டமரோடது."

பொத்தானை அமுக்கினாள். அவர் மேற்கொண்டு கத்தியது எதுவும் கேட்கவில்லை.

இரண்டு துண்டுகள் தரையில் விழுந்தன. வெட்டுப்பட்ட பக்கத்தில் விரிசல் கறுப்புக் கோடாக ஓடியது. அவரும் பார்த்தார்.

கழிவுப் பதிவேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினாள். அவள் கையெழுத்துக்கு மேலே இரண்டு எண்கள்.

அன்று கழித்தது இரண்டு பம்புகள்.

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"இன்னொண்ணு எந்த விமானத்துல இருக்கு?"

ஜெபராஜ் குரலைத் தாழ்த்தினார். "யாருக்குத் தெரியும். விசாரணைன்னு வந்தா அதுல இருக்கறது உங்க கையெழுத்துதான் மேடம். லைசென்ஸ் போயிடும்."

அவள் செல்போனை எடுத்தாள். விமானப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்ப, பக்கத்தைப் படம் பிடித்தாள்.

எண்கள் இரண்டும் தெளிவாக விழுந்திருந்தன. கீழே அவள் கையெழுத்து பாதிதான் விழுந்திருந்தது.

அந்தப் படத்தை அழித்தாள்.

ஓரடி பின்னால் தள்ளி நின்று, மறுபடியும் எடுத்தாள்.