சாய்ந்து வரும் சிவப்புப் புள்ளி

அக்காவின் மூக்குக்கண்ணாடியில் நான் கட்டிவிட்ட சின்ன லேசர், எதிர்ச்சுவரில் இருக்கும் உணரியின் மேல் சிவப்புப் புள்ளியாக நடுங்குகிறது. கை கால் விழுந்தவள். குரலும் அடுத்த அறையை எட்டாது. ஒளி உணரியில் பட்டால் என் பட்டறையில் மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. காற்று வரட்டும் என்று நேற்று கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தியவன் நான்தான். இந்த உணரிக்கு நேராக வரும் ஒளிதான் தெரியும். ஜன்னலோரத்திலிருந்து சாய்ந்து வந்தால் குருடு. சற்று முன் அவள் நனைத்துவிட்ட விரிப்பை உருவும்போது, "ஒரு தடவை மணி அடிச்சா கொறஞ்சா போயிடுவ?" என்று கத்தியிருக்கிறேன். மத்தியான வெயில் வெறும் மெத்தையின் ஈரத்தில் மினுங்குகிறது.

"எவ்வளவு நேரமாக்கா அடிச்சுப் பாத்த?"

"காலையிலேருந்துடா. நீ வேலையா இருப்பேன்னு நெனச்சேன்."

இழுப்பறையில் இரண்டு வகை உணரிகளும் இருக்கின்றன. அன்று கைக்கு அகப்பட்டதை மாட்டிவிட்டுப் பெருமை பேசியிருக்கிறேன். இப்போது தட்டைத் தலை உள்ளதைத் தேடி எடுக்கிறேன்; அகலக் கோணம், பக்கவாட்டில் வரும் ஒளியையும் வாங்கும். பழையதைக் கழற்றி இதைப் பொருத்துகிறேன். அக்கா தலையை லேசாகத் திருப்புகிறாள். பட்டறையில் மணி அலறுகிறது. உடனே அவள் பதறி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

"சத்தம் ஒனக்குத் தொந்தரவா இருக்குமாடா?"

சுவரைப் பார்த்தபடி, ஏற்கெனவே இறுகிவிட்ட திருகை மறுபடியும் முறுக்கிக்கொண்டு நிற்கிறேன்.