சமையலறையில் புலி

“சார், எங்க வீட்டுச் சமையலறையில புலி இருக்கு.”

மேலாளர் டீயை உறிஞ்சிக்கொண்டே, “யாரு, உங்கம்மாவா?” என்றார்.

வரைபடக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. செயற்கைக்கோள் படங்களையும் வனக்காவலர்கள் ஆளுக்கொரு ஆபீஸ் போனில் எடுத்தனுப்பும் தடயப் படங்களையும் சேர்த்து, எந்தக் காடு புலிக்குத் தோதுப்படும் என்று வரைபடம் போடுவதுதான் அவள் வேலை. அரை வருஷ உழைப்பு நாளைக் காலையில் குழுவின் முன்னால் போகிறது. காட்டின் நடுவே சாலை போடலாமா கூடாதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள்.

அந்த வரைபடத்தில், புலிகள் கும்மாளமடிக்கும் இடமாகக் கருஞ்சிவப்பில் ஜொலித்தது அவள் குடியிருக்கும் தெரு. பெரிதாக்கிப் பார்த்தால் அவள் வீடு. இன்னும் பெரிதாக்கினால் அடுப்படி.

“கால்தடம், மரத்துல நகக்கீறல், எச்சம், அத்தனையும் எங்க அடுப்படியில சார். இதை நீட்டினா குழு எதால சிரிக்கும்னே சொல்ல முடியாது.”

எல்லாம் மூன்றாம் நம்பர் போனிலிருந்து வந்தவை. அதை வைத்திருக்கும் காவலரை அவள் பார்த்ததே கிடையாது, குறுஞ்செய்தியில்தான் பழக்கம். ‘என்ன கூத்து இது?’ என்று கேட்டு அனுப்பினாள்.

‘காட்டில் சிக்னல் இல்லை மேடம். பகலில் ஊருக்குள் வந்து, தெரிந்தவர் வீட்டு வை-ஃபையில் அனுப்புவேன்’ என்று பதில் வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று வந்தது. ‘நல்ல குடும்பம் மேடம்.’

யார் வீடு என்று அவள் கேட்பதற்குள், சிக்னல் இல்லாத காட்டுக்குள் போய்விட்டார்.

மேலாளருக்கு விஷயம் புரிந்துவிட்டது. “வனத்துறை ஸ்டேஷனுக்கு வந்துதான் அனுப்பணும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டானா? படம் எடுத்த இடத்தை விட்டுட்டு, அனுப்பின இடத்தை ஆப் பதிஞ்சு வச்சிருக்கு. படத்துக்குள்ள நிஜமான இடம் ஒளிஞ்சிருக்கும், தோண்டி எடு. அந்த ஆள் மேல ஒரு வரி புகார் அனுப்பு, நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

தோண்டத் தோண்ட, புலிகள் ஒவ்வொன்றாக அடுப்படியைக் காலி செய்துகொண்டு காட்டுக்குத் திரும்பின. சாலை போட நினைத்திருந்த பள்ளத்தாக்கு முழுக்கச் சிவந்தது. சாயங்காலத்துக்குள் வரைபடம் பிழைத்துவிட்டது.

வரைபடக்காரிக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் இருப்பது மூன்றே பேர்: அவள், தங்கை, அம்மா. பாஸ்வேர்டை ரௌட்டரின் முதுகில் ஒட்டி வைத்ததே அவள்தான்.

அப்பா போனதிலிருந்து வீட்டை அம்மா ஒற்றை ஆளாக ஆண்டுவந்தாள். சிலிண்டர் கொண்டுவருபவன்கூட வாசலைத் தாண்டி ஓர் அடி வைக்க முடியாது. அப்பேர்ப்பட்ட கோட்டையில் ஒருவனை அடுப்படி வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள் என்றால், தங்கை பலே கைகாரிதான்.

பஸ்ஸில் வரும்போதே போனில் புகாரை எழுதி முடித்தாள். ஒரு வரி போதும் என்றார் மேலாளர், அவள் ஒரு பக்கம் எழுதினாள். அனுப்புவதற்கு முன்னால் தங்கையை நாலு வாங்கு வாங்க வேண்டும் என்று இருந்தது.

காலையில் கழுத்தில் மாட்டிய ஆபீஸ் அட்டையை அப்போதுதான் கழற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தாள் தங்கை.

“யாருடி அவன்?”

“எவன்?”

“நடிக்காதே. காட்டுல சுத்தறவனைக் கூட்டிட்டு வந்து அடுப்படியில உட்கார வச்சிருக்கே. வை-ஃபையை வேற தாரைவார்த்திருக்கே.”

“புலியோட சேர்ந்து உனக்குப் புத்தி பேதலிச்சுடுச்சுக்கா. இடுப்பொடிய வேலை பார்த்துட்டு இப்பத்தான் வர்றேன், நான் எவனைக் கூட்டிட்டு வந்தேன்?”

அம்மா அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். இத்தனை சத்தத்துக்கும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரைபடக்காரிக்கு ஆத்திரம் இரண்டு மடங்காகியது.

“என்னம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா? நான் ஒருத்தனைப் பிடிச்சிருக்குன்னு சொன்னப்ப வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சியே! இவளுக்கு மட்டும் தனிச் சட்டமா?”

அம்மா கிளறுவது மட்டும் வேகமாகியது.

“சரி, நீ கேட்க வேண்டாம், நான் பார்த்துக்கறேன். அந்தத் தடியன் மேல புகார் எழுதி வச்சிருக்கேன். இதோ ஒரு தட்டு தட்டினா, நாளைக்கு அவனுக்கு வேலை காலி!”

போனின் மேல் பெருவிரலைக் கொண்டுபோனாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அவரு வேலையில கைவைக்காதடி. அடுத்த மாசம் எங்களுக்குக் கல்யாணம்.”