ஹூக் மட்டும்தான் பாக்கி

டாக்டர் சரிதா ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். கத்தரிக்கோல்.

"இது என்னங்கய்யா?"

கருவடிக்குப்பத்தில் முப்பத்திரண்டு வருஷமாக லேடீஸ் டெய்லராக இருக்கிற இந்தக் கலியமூர்த்தியிடம் கேட்கிற கேள்வியா இது? எந்தக் கடையில் வாங்கியது, சாணை பிடித்து எத்தனை நாள் ஆகிறது என்பது வரை சொல்வேன். கெத்தாக வாயைத் திறந்தேன்.

"நாளைக்கு" என்றேன்.

டாக்டர் தாளில் ஒரு இன்ட்டு போட்டார்.

எனக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. வலது கை தொங்குகிறது, வலது கால் இழுக்கிறது. பேச்சு மொத்தமும் போய், இந்த ஒரே வார்த்தை மிஞ்சியிருக்கிறது. மண்டைக்குள் எல்லாம் முழுசாகத்தான் இருக்கிறது. வாய்க்கு வரும்போதுதான் 'நாளைக்கு' ஆகிவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. "டெய்லருக்கு வேற இன்னா மிஞ்சும்?" என்றாளாம் எதிர் வீட்டு சுலோசனா. பொங்கலுக்கு அவள் கொடுத்த ஜாக்கெட் துணிக்கு ஆடி மாதம் வரை "ஹூக் மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க" என்று சொன்னவன் நான். உண்மையில் அந்தத் துணியை நான் அதுவரை வெட்டவே இல்லை.

அடுத்த படம், மீன். நாளைக்கு. இன்ட்டு.

என் பெயர்? நாளைக்கு. இன்ட்டு.

"பக்கத்துல உக்காந்திருக்காங்களே, அவங்க பேரு?"

என் மனைவி ஆதிலட்சுமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதையாவது சொல்லிவிடடா பாவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நாளைக்கு."

அவள் சிரித்தாள். "சினிமாவுக்குக் கூப்பிட்டாலும் இதேதாம்மா சொல்வாரு."

டாக்டரும் சிரித்துவிட்டு இன்ட்டு போட்டார். பிறகு தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். மூளையில் அடைப்பு வந்த நேரத்தில் வாயில் இருந்த வார்த்தையே சிலருக்கு மிஞ்சிவிடுகிறதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். அதற்காகத்தான் என்னைப் போன்றவர்களைத் தேடித் தேடிக் கேட்கிறார்.

"அன்னிக்கு அந்த நேரத்துல ஐயா என்ன சொன்னாரும்மா?"

"ஒண்ணும் சொல்லல. மெஷின் ஓட்டிட்டிருந்தாரு."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"காலையில பத்து மணிக்கே வாதம் வந்துருக்கு. நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா அடைப்பக் கரைக்கிற ஊசி போட்டுப் பாத்திருக்கலாம். சாயந்திரம் வரைக்கும் ஏம்மா கூட்டிட்டு வரல?"

"நான்தாம்மா. வாயுப் பிடிப்புன்னு நெனச்சு தைலம் தேச்சுட்டேன்."

நாலு மாதமாக இதையேதான் சொல்கிறாள். அன்றைக்குப் பெரியாஸ்பத்திரியில் திட்டிய டாக்டரிடம் சொன்னாள், எங்கள் மகளிடம் சொன்னாள். என் தங்கை செல்வாம்பாள் "புருஷன முடக்கிப் போட்டவ" என்று ஊர் கேட்கக் கத்தினாள். அதையும் வாங்கிக்கொண்டு, ஆதிலட்சுமி எனக்குக் கஞ்சி ஊட்டினாள். இப்போது அது ஆராய்ச்சித் தாளிலும் ஏறப்போகிறது.

தைலமாவது மண்ணாங்கட்டியாவது!

அன்று என் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவியது. எடுத்தேன், மறுபடி நழுவியது. எட்டிப் பார்த்தவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ஏங்க, வாய் கோணுது. பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாம், எழுந்திருங்க" என்று தோளைப் பிடித்து இழுத்தாள்.

அதற்கு மூன்றாம் நாள் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு மூன்று ஜாக்கெட் பாக்கி. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு முறையாவது சொன்ன தேதிக்குக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு ஞானம் பிறந்திருந்தது. பிறக்கிற நேரம் பார்த்துப் பிறந்தது!

தோளை உதறினேன். தலையைக்கூட நிமிர்த்தாமல் அவளுக்கு ஒரே ஒரு வார்த்தையில் பதில் சொன்னேன். ஆட்டோ திரும்பிப் போனது. நாலு மணிக்கு மெஷின் மேலேயே சரிந்தேன். தெருவே கூடித் தூக்கியது.

டாக்டர் தைலத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தார்.

இடது கையால் மேஜையை ஓங்கி அடித்தேன். டாக்டரின் பேனா துள்ளி விழுந்தது. என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன், நான், நான் என்று.

டாக்டர் நல்ல பெண். பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "சரி, நீங்களே சொல்லுங்கய்யா. அன்னிக்கு ஏன் உடனே வரல?"

உதடு, நாக்கு, அடிவயிறு எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டினேன். இத்தனை வருஷம் ஊரை ஏமாற்றிய வாய், ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லட்டும்.

"நாளைக்கு!"

"பரவால்லைங்கய்யா" என்று டாக்டர் பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனார். இன்ட்டின் முதல் கோடு விழுவதற்குள் ஆதிலட்சுமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"இதுக்கு மட்டும் ரைட்டு போட்டுடுங்கம்மா" என்றாள்.