இருபத்தொரு பேர்

வேலையை விட்டு ஐந்து மாதமாகியும், காலை எட்டு மணியானால் ஜோவெலின் பதறி எழுந்து உட்காருவாள். இப்போது மேனேஜர் கிடையாது, திட்டு கிடையாது. பிலிப்பைன்ஸின் செபு நகரத்து விடுதியில் அவள் கட்டில்தான் ஆபீஸ். காசு கொடுத்தால், யார் எதை எழுதச் சொன்னாலும் எழுதிக் கொடுப்பாள். வேண்டாமென்று சொல்ல நினைத்து, வாய் வராமல் ஒத்துக்கொண்ட ஒரு வேலையை நேற்றுதான் முடித்து அனுப்பியிருந்தாள்.

பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக வந்திருந்த லோர்னா, சோறும் கருவாடுமாகச் சாப்பிட்டபடி போன் திரையைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்கு ஒரு இன்டர்வியூ. அங்க வேலை பார்த்தவங்க நெட்ல எழுதினதைக் கேளுங்களேன். 'எங்க மேனேஜர் அம்மா மாதிரி. தலைவலின்னா அவங்களே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.'"

லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்த ஜோவெலின் நிமிர்ந்தாள். "எந்தக் கம்பெனி?"

லோர்னா பெயரைச் சொன்னாள்.

"அங்க போகாதடி."

"ஏன்க்கா? இருபது பேர் ஆகா ஓகோங்கிறாங்க. ஒருத்தி மட்டும், 'காய்ச்சல்ல மயங்கி விழுந்தேன், தண்ணி தெளிச்சு மறுபடி சீட்ல உட்கார வச்சாங்க'ன்னு எழுதியிருக்கா. வேலை செய்யத் துப்பில்லாதவளா இருப்பா."

"அவ பொய் சொல்லலை."

"அப்போ இந்த இருபது பேரும் பொய்யா?"

ஜோவெலின் லேப்டாப்பை மூடினாள்.

"அந்த ஒருத்தி நான்தான்டி. அந்த இருபது பேரும் நான்தான்."