இரண்டாவது புகார்

சினிமா விமர்சன வீடியோ போடும் மருமகள், கைபேசியைச் சோபாவில் விட்டெறிந்தாள்.

“மாமா, மறுபடியும் வீடியோவைத் தூக்கிட்டாங்க!”

பழைய படமொன்றின் வில்லன் காட்சியைச் சேர்த்ததற்குப் போன வாரம் படக் கம்பெனியிடமிருந்து காப்புரிமைப் புகார் வந்தது. காட்சியை வெட்டிவிட்டு, அந்த வசனத்தை மாமனாரைப் பேசவைத்துப் போட்டிருந்தாள்.

“இப்ப என்னவாம்?”

“படத்துலேர்ந்து குரலைத் திருடிட்டோமாம். ‘இது எங்கள் வில்லனின் குரலேதான், சோதித்துவிட்டோம்’னு எழுதியிருக்காங்க. பேசினது எங்க மாமான்னு நான் ஒரு பிடி பிடிக்கப் போறேன்!”

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். “இன்னொரு தடவை படிம்மா.”

படித்தாள். அவர் கண்கள் கலங்கின.

“சண்டையெல்லாம் வேண்டாம். ரொம்ப நன்றின்னு மட்டும் எழுது.”

“நன்றியா? எதுக்கு?”

“அந்த நடிகருக்கு நம்ம பாஷை சுத்தமா வராது. படம் முழுக்க அவருக்குக் குரல் கொடுத்தது நான்தாம்மா. டைட்டில்ல என் பேரைப் போடலை. சொன்னா எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சொல்றதை விட்டுட்டேன். இன்னிக்கு அவங்களே எழுதிக் கொடுத்துட்டாங்களே!”