மூன்றாவது பம்ப்

லயனல் கார்ஸ்டாங் முற்றத்திலிருந்து திரும்பி வந்து, மூன்றாவது கோப்பையையும் காலியாக மேஜைமேல் வைத்தார். அவ்வளவு பெரிய நரைமீசையில் ஒரு பொட்டு நுரைகூட ஒட்டியிருக்கவில்லை.

“அதான்டா பழக்கம்கிறது,” என்றார் கணப்பு ஓரம் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர். “நாம குடிச்சா பூனை பால் குடிச்ச மாதிரி இருக்கும்.”

கார்ஸ்டாங் கூட்டத்தில் குடிக்க மாட்டார். கோப்பையை முற்றத்துக்கு எடுத்துப் போய், தனியாக நின்று, வானத்து வெளிச்சத்தில் நிறம் பார்த்துத்தான் குடிப்பார். இருபத்திரண்டு வருடமாகப் பத்திரிகையில் பீரைப் பற்றி எழுதுகிறவர். அவர் ஒன்றைக் குடிக்கச் சொன்னால் பாதி யார்க்ஷயர் பஸ் பிடித்து வந்து அதைக் குடிக்கும்.

“‘கிழட்டுக் கடா’ பீர் நல்லாருக்கு,” என்று நோட்டைப் பிரித்தார். “முதல்ல ஈர வைக்கோல். அப்புறம் ஆரஞ்சுத் தோல். கடைசியா, மழையில நனைஞ்ச சர்ச்சு பெஞ்சு.”

சர்ச்சு பெஞ்சை யாரும் நக்கிப் பார்த்ததில்லை என்றாலும் எல்லோரும் தலையாட்டினார்கள். ‘நொண்டி வாத்து’ பப்பின் முதலாளியம்மா தெல்மா எல்லோரையும்விட வேகமாக ஆட்டினாள். இந்த வருடம் கார்ஸ்டாங் போடும் சிறந்த பப்களின் பட்டியலில் பப்பின் பெயர் வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் இடத்தை ஃப்ளாட்டாக மாற்றிவிடுவதாகக் கட்டடத்துக்காரர் கடிதமே போட்டுவிட்டார்.

அப்போதுதான் அவள் கண், மேடையில் வரிசையாக நின்ற பீர் பம்ப்புகளில் மூன்றாவதில் விழுந்தது.

காலையில் அவள்தான் அந்தக் குழாயில் கழுவும் மருந்தை நிரப்பி ஊறவைத்தாள். ஊறுகிற பம்ப்பின் பெயர்ப்பலகையைத் திருப்பி, முதுகு தெரியும்படி வைப்பது பப் வழக்கம். அப்படி வைத்தால் யாரும் அதைத் தொட மாட்டார்கள். இப்போது ‘கறுப்புப் பாதிரி’ என்ற பலகை வாடிக்கையாளர்களைப் பார்த்து ஜம்மென்று நின்றது.

கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஸ்டான், பலகையை யாரு திருப்பினது?”

“நான்தான். பெரிய மனுஷன் வர்ற நேரத்துல முதுகைக் காட்டிட்டு நின்னா நல்லாவா இருக்கு?”

“அவருக்கு அதுலேர்ந்தா ஊத்தினே?”

“அவருதானே கேட்டாரு.” ஸ்டானின் வாய் பாதியில் நின்றது. “ஊறப் போட்டிருந்தியா?”

“உள்ள போனா குடல் வெந்துடும் ஸ்டான்.”

குழாயில் மிச்சமிருந்த கறுப்பு பீரோடு கலந்து வந்திருக்கிறது மருந்து. நிறமும் காட்டிக் கொடுக்கவில்லை.

“ஆனா முதலிடம் ‘கறுப்புப் பாதிரி’க்குத்தான்,” கார்ஸ்டாங் கண்ணை மூடிக்கொண்டார். “தொண்டையில ஒரு இளஞ்சூடு. அது அப்படியே மெதுவா நெஞ்சுக்கு இறங்குது. சாகறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் இதை ஒரு தடவையாவது குடிச்சுப் பார்த்திடணும்.”

தெல்மா கணவன் பக்கம் திரும்பினாள். “சூடு இறங்குதாம் ஸ்டான்.”

“முதலிடம்னு சொல்றாரே,” ஸ்டான் கிசுகிசுத்தான். “எழுதி முடிக்கட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்.”

“எழுதி முடிச்சிட்டுச் செத்தா?”

“எழுதினது இருக்கும்ல.”

இந்த ஆளோடு பதினெட்டு வருடம் எப்படிக் குடும்பம் நடத்தினோம் என்பதுபோல் பார்த்துவிட்டு, தெல்மா போனை எடுத்தாள். ஆம்புலன்சுக்கான மூன்று ஒன்பதுகளை அழுத்த மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. பேசி முடித்ததும் நேராக அவர் மேஜைக்குப் போனாள்.

“மிஸ்டர் கார்ஸ்டாங், மன்னிச்சிடுங்க. நீங்க மூணாவதா குடிச்சது பீர் இல்ல. குழாய் கழுவுற மருந்து. எங்க பேரை அடிச்சிடுங்க, பரவாயில்ல. எப்படியாவது பிழைச்சுக்கோங்க.”

பேனா நின்றது. “மருந்தா?” அவர் எழுதியிருந்த வரியை ஒருமுறை படித்தார். முகம் வெளுத்தது. “எனக்கு ஒண்ணும் செய்யலையே. நான் கிளம்பறேன்.”

“அசையாதீங்க சார், அசைஞ்சா சீக்கிரம் பரவும்,” என்று கணப்பு ஓரத்துக் கிழவரும் இன்னும் மூன்று பேரும் அவரை அமுக்கி பெஞ்சில் படுக்கவைத்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

டிரைவர் டெரிக்கோடு ஆம்புலன்சில் வந்த கிளெனிஸுக்கு மெதுவாகப் பேச வராது. தெருமுனைவரை கேட்கும் குரல். “எத்தனை வாய் குடிச்சே கண்ணு?”

“நான் வீட்டுக்குப் போறேம்மா. நல்லாத்தான் இருக்கேன்.”

“எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. கோப்பை காலியா இருக்கே. ஆஸ்பத்திரி போனதும் மயக்கம் குடுத்து, தொண்டை வழியா கேமரா விட்டுப் பார்ப்பாங்க. வெந்திருந்தா அறுத்துத்தான் எடுக்கணும்.”

“அறுத்தா?”

“குடல்ல ஒரு முழம் போனா என்ன, உசுரு முக்கியமில்லையா? டெரிக், ஸ்ட்ரெச்சரைக் கொண்டா.”

தெல்மா அழ ஆரம்பித்தாள். ஸ்ட்ரெச்சர் பட்டை கார்ஸ்டாங்கின் நெஞ்சுக்குக் குறுக்கே வந்தது. அவர் சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. சட்டென்று கிளெனிஸின் காலரைப் பிடித்து இழுத்து, அவள் காதில் எதையோ முணுமுணுத்தார்.

கிளெனிஸ் நிமிர்ந்தாள். பட்டையை அவிழ்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“வண்டியைத் திருப்பு டெரிக். ஐயா பிறந்ததுலேர்ந்து பீரே குடிச்சதில்லையாம்.”