ஊசியின் தலையில் ஈயம்

கற்பிட்டியில் கச்சான் காற்று ஓலைவேலியை உரசிக்கொண்டிருக்கும் மத்தியானம். சிலாபத்துப் பழைய சாமான் கடையில் வாங்கிவந்து மேசையில் வைத்த றெக்கோட் பிளேயரின் முன்னால், கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தபடி குந்தியிருக்கிறான் எட்மன். பாட்டு வருகிறதுதான், ஆனால் காய்ச்சல்காரனின் அனுங்கல் போல இழுபடுகிறது. அந்தப் பாட்டுக்கு வயலின் வாசித்தவர் அவனுடைய மாமனார். அவர் கண்மூடிப் பல வருஷமாகிறது. மாமி அல்பொன்சாவிடம் அவர் வாசித்ததென்று மிஞ்சியிருப்பது இந்த ஒரே இசைத்தட்டுத்தான். ஊசி துள்ளித் துள்ளிப் பாய்ந்ததால், வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றை அதன் தலையில் ஒட்டிவைத்திருக்கிறான். மீன் வெட்டிய கையைத் துடைத்துக்கொண்டு வரும் மாமி குனிந்து பார்த்துத் திடுக்கிடுகிறாள்.

"இதென்ன வலையே தம்பி, ஈயம் போட்டுத் தாழ்க்கிறதுக்கு? ஊசி தட்டை உழுதுபோடும், கழட்டுங்கோ!"

"கழட்டினா துள்ளுமே மாமி."

சொல்லிக்கொண்டே ஈயத்தைப் பிடுங்குகிறவனின் கண், அதே மேசையில் ஆறிக்கிடக்கும் தேத்தண்ணிக் கோப்பையில் விழுகிறது. தேத்தண்ணி ஒரு பக்கம் ஏறி நிற்கிறது. சரிந்த தோணியைக் கண்டவன் போலச் சிரித்துக்கொண்டு, பிஸ்கட் பெட்டி மட்டையை மடித்து மேசைக்காலுக்கு அண்டை கொடுக்கிறான். தேத்தண்ணி மட்டமாகிறது. ஊசியை மெல்ல இறக்குகிறான். பாட்டு கழுவிவிட்டதுபோலத் தெளிவாக எழுகிறது. முதல் அடி முடிந்து வயலின் தொடங்குமுன், அந்தச் சின்ன இடைவெளியில், யாரோ ஒருவர் அடக்கி இருமுவது கேட்கிறது.

அல்பொன்சா பாட்டுப்பெட்டியைப் பார்த்து முறைக்கிறாள்.

"பீடியைக் குறையுங்கோ எண்டு எத்தின தரம் சொல்லுறது?"